பாட்டு வேளையில் குழந்தை எதைக் கற்கிறது?

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாட 55 விநாடி ஆகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுத்த வரிகள் அவை. 1970 முதல் அரசு விழாக்களில் ஒலித்துவரும் அந்தப் பாடலுக்கு மெட்டமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. பொது நிகழ்வுகளில் ஒலிப்பதிவைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 வேலைநாள் என்று கொண்டால், முதல் வகுப்பில் சேரும் குழந்தை ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது இந்தப் பாடலை 1000 முறை பாடியிருக்கும். நேரமாகக் கூட்டினால் 15 மணி நேரத்துக்கும் மேல். ஒரே ராகத்தில், ஒரே நடையில், 15 மணி நேரப் பயிற்சி! இசை வகுப்பு என்று நாம் பெயர் வைக்காத இசை வகுப்பு இது.

பெயர் வைத்த இசை வகுப்பு நம் தொடக்கப் பள்ளிகளில் அரிது. 2012இல் மாநிலம் முழுவதும் பணியமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஓவியம், உடற்கல்வி ஆசிரியர்களோடு இசை ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடு 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. அச்சரப்பாக்கம் ஒன்றியத்தில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஊர்களைப் போன்ற இடங்களில், இரண்டு ஆசிரியர்களும் ஐந்து வகுப்புகளுமாக நடக்கும் பள்ளியில், பாட்டு என்பது வகுப்பாசிரியரின் வேலை. அவரோ பெரும்பாலும் "எனக்குப் பாட வராதுங்க" என்று தொடங்குபவர். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

பாட்டு இல்லாத தொடக்க வகுப்பு இன்று கிடையாது. செயல்வழிக் கற்றல் காலத்திலும் பாட்டு இருந்தது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பாடப்பொருளைச் சுமந்து வருபவை: உயிரெழுத்து, கிழமை, காய்கறி, கூட்டல். பாட்டு வண்டி, பாடப்பொருள் சுமை. சிவபெருமானின் தேரில் அச்சு முறிந்த இடம் என்பதால் அச்சு இறு பாக்கம் என்று நம் ஊருக்குப் பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். ஒரு மெட்டில் இருபது காய்கறிப் பெயர்களை ஏற்றி, சொல் முட்டி மோதிப் பாட முடியாமல் குழந்தைகள் திணறுவதைக் கேட்கும்போது அந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. சுமை ஏற்றுவது தவறில்லை. ஆனால் சுமையை எல்லாம் இறக்கிவைத்த பிறகு, பாட்டிலேயே கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

தாளம்

முதல் வகுப்புக் குழந்தையைப் பாடிக்கொண்டே கைதட்டச் சொன்னால், பெரும்பாலும் அசைக்கு ஒரு தட்டு தட்டும். சொல் வேகமாக ஓடினால் கையும் வேகமாக ஓடும். சொல் நீண்டால் கை நின்றுவிடும். இது பிழையன்று. சொல்லின் ஓட்டத்தைக் குழந்தை தட்டுகிறது. சொல் எப்படி ஓடினாலும் அதற்கு அடியில் சீராக ஒரு துடிப்பு போய்க்கொண்டிருக்கிறது என்பதை அது இன்னும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லின் ஓட்டம் வேறு, அடியில் ஓடும் துடிப்பு வேறு என்று பிரித்து உணர்வதுதான் தொடக்கப் பள்ளி இசையின் முதல் பெரிய பாடம். ஒரு குழந்தைக்கு ஒரு மாதத்தில் வரும், இன்னொன்றுக்கு ஓராண்டு ஆகும்.

இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டியது வேகம். சிறு குழந்தைகளின் இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். நாம் நிதானமாகப் பாடினால் அவர்களுடைய கை முந்திக்கொண்டு ஓடும். நாம் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வோம். அவர்களை மைதானத்தில் இயல்பாக நடக்கவிட்டு, அந்தக் காலடிக்கு நாம் பாட வேண்டும். குழந்தை தாளத்தைத் தேடி வருவதற்கு முன் தாளம் குழந்தையைத் தேடிப் போகட்டும்.

கையை எப்படித் தட்டுவது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொடையில் தட்டுவது எல்லாவற்றிலும் எளிது. பிறகு கைதட்டல். வலது, இடது என்று மாற்றித் தட்டுவது அதற்கும் பிறகு. ஆதி தாளத்தை முறையாகப் போடுவதற்கு, ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையுமாக நான்கு, பிறகு இருமுறை தட்டும் வீச்சுமாக நான்கு, ஆக எட்டு எண்ண வேண்டும். சுண்டுவிரலைத் தனியே மடக்கத் திணறும் ஆறு வயதுக் குழந்தைக்கு இது தாளப் பயிற்சியாக இருக்காது, விரல் பயிற்சியாகத்தான் இருக்கும். நான்காம் வகுப்பு வரை அது காத்திருக்கலாம்.

சொற்கட்டுக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. பொருள் இல்லாத இந்த ஒலிகள் குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிடுகின்றன. வகுப்பை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒரு வரிசை தகிட சொல்லி முடித்ததும் அடுத்த வரிசை தகதிமி சொல்ல வேண்டும் என்று விளையாடுங்கள். இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டால் ஏழு வந்துவிடும். மூன்றும் நான்கும் ஏழு என்பதைக் காது கேட்பதும் கணக்குதான். ஆனால் அதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அச்சிறுபாக்கத்தின் மேல் பதிகம் பாடிய திருஞானசம்பந்தரைப் பற்றிப் பெரியபுராணம் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இங்கே பொருத்தமானது. திருக்கோலக்காவில் அந்தக் குழந்தை தன் சின்னக் கைகளால் தாளம் போட்டுப் பாட, கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அளித்தாராம். பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். ஓர் ஆசிரியராகப் படிக்கும்போது எனக்குப் பிடிப்பது வேறொன்று: கருவி பிற்பாடுதான் வந்தது, முதலில் இருந்தது உள்ளங்கை. கருவி இல்லாத நம் பள்ளிகளுக்கு இது போதுமான ஆறுதல். காலி பாட்டிலில் புளியங்கொட்டை போட்டாலோ இரண்டு கொட்டாங்கச்சிகள் சேர்ந்தாலோ, கூடுதலாக ஓர் ஒலி கிடைக்கும்.

தாளத்தில் கடைசியாக வருவது மௌனம். பாட்டின் ஒரு வரியைச் சத்தமாகப் பாடி, அடுத்த வரியை வாய்க்குள்ளேயே பாடி, மூன்றாவது வரியில் எல்லோரும் ஒன்றாகத் திரும்ப வர வேண்டும். முதல் தடவை ஆளுக்கொரு இடத்தில் வருவார்கள், சிரிப்பு எழும். பத்தாவது தடவையில் முப்பது பேரும் ஒரே நொடியில் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரும் சைகை காட்டாமல் அது நடக்கிறது. தாளம் உள்ளே போய்விட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறிலும் நெடிலும்

இசை கற்றால் படிப்பு வருமா என்று கேட்கிறவர்கள் உண்டு. மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடும் என்றுகூடச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒருவகைச் சோதனையில் அவர்களுக்குக் கிடைத்த பலன் 10, 15 நிமிடங்களில் மறைந்துவிட்டது. குழந்தைகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எனவே அந்த வாதத்தை ஒதுக்கி வைப்போம்.

இதைவிட அடக்கமான ஒரு செய்தி இருக்கிறது. 2002இல் கனடாவில் 4, 5 வயதுக் குழந்தைகள் 100 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், இசையொலிகளை நன்றாகப் பிரித்தறிந்தவர்கள் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரிப்பதிலும் தொடக்கநிலை வாசிப்பிலும் முன்னே இருந்தார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு காது தேவைப்படுகிறது என்பது தெரிகிறது.

தமிழில் இந்தப் பொதுக் காதுக்கு ஒரு தனி இடம் உண்டு. நம் மொழியில் உயிரொலியின் நீளம் மாறினால் பொருள் மாறிவிடும். பல், பால், கல், கால், முடி, மூடி, எடு, ஏடு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்கிறார் தொல்காப்பியர். அது காலஅளவு, தாளக்காரர் பேசும் பேச்சு. மூன்றாம் வகுப்பில் 'பாடம்' என்று சொன்னதை 'படம்' என்று எழுதும் குழந்தைக்குத் துணைக்காலை மட்டும் நினைவூட்டிப் பயனில்லை. நீளம் காதில் விழாதபோது கை எதை எழுதும்?

இதற்கு ஒரு விளையாட்டு போதும். குறிலுக்கு ஒரு நொடிப்பு. நெடிலுக்கு ஒரு நொடிப்போடு கையை அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவது. 'கல்' என்றால் கை நின்ற இடத்தில் நிற்கும், 'கால்' என்றால் நகரும். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். யாருக்குக் கேட்கவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாட்டுத் தேர்வில் நாம் பெரும்பாலும் பொருளைத்தான் பார்க்கிறோம். மெட்டு சொல்லை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. திரைப்பட மெட்டில் சொல்லைப் பொருத்தி நாமே எழுதும் பாட்டுகளில், குறிலை இழுத்தும் நெடிலைச் சுருக்கியும் பாட நேர்கிறது. 'பல்' தேய்க்கச் சொல்லும் பாட்டில் 'பால்' என்று ஒலித்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளை சிரித்துவிட்டுப் போகும். முதல் வகுப்புப் பிள்ளை குழம்பும். குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் நிற்கும் மெட்டாகத் தேடி எடுப்பது, எழுத்து கற்பிக்கும் வகுப்பில் ஆடம்பரம் அல்ல.

கத்துவதும் பாடுவதும்

"சத்தமா பாடுங்க!" இந்தக் கட்டளையால் தொடக்கப் பள்ளிகளில் விளையும் சேதம் கொஞ்சமல்ல. சத்தமாகப் பாடச் சொன்னால் குழந்தை கத்தும். கத்தும் குரலில் சுரம் நிற்காது, பக்கத்திலிருப்பவர் பாடுவதும் கேட்காது. பேச்சுக்குரல், கத்தும் குரல், பாடும் குரல் ஆகிய மூன்றும் வேறு வேறு. பாடும் குரலைக் குழந்தை தனக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடும் வழி விளையாட்டுதான். அச்சரப்பாக்கம் நிலையத்தைத் தாண்டிப் போகும் ரயிலின் ஊதலைப் போலச் செய்யச் சொல்லலாம். குயில் கூவும்போது குரல் கீழிருந்து மேலே வளைந்து ஏறுவதையும், அடுத்தடுத்த கூவல் முந்தியதைவிட மேலே போவதையும் கவனித்துப் பின்பற்றச் சொல்லலாம். தெருவில் கீரை விற்பவரின் கூவலில் இரண்டு மூன்று சுரங்களுக்கு மேல் இருக்காது; குழந்தைகள் அதை அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வார்கள். பாட வராது என்று ஒதுங்கும் பிள்ளையும் இதைச் செய்துவிடும். ஏனென்றால் இதைப் பாட்டு என்று அது நினைப்பதில்லை.

அடுத்தது சுருதி. ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு வசதியான இடம், ஆர்மோனியத்தில் நடு ஸ்தாயியின் 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை. நம் வசதிக்குப் பாடினால் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறோம். ஆண் ஆசிரியர்கள் பாடும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்: அவர் குரலைப் பின்பற்றப் பார்த்து, பிள்ளைகள் தொண்டைக்குள் உறுமுவார்கள். வழி எளிதானது. ஆசிரியர் சற்று மேலே எடுத்துப் பாட வேண்டும்; அது இயலாவிட்டால், சுருதி சேரும் ஒரு குழந்தையை முதல் வரி எடுக்கச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்று போதும். காலைக் கூட்டத்திலும் இதே சிக்கல்தான். ஒலிபெருக்கியைப் பிடித்த பிள்ளை அன்றைக்கு எந்தச் சுருதியில் எடுக்கிறதோ அதில்தான் பள்ளி முழுவதும் பாடியாக வேண்டும். மேலே எடுத்துவிட்டால் உயரும் வரிகளில் எல்லோரும் கத்துவார்கள். தொடங்கும் சுரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்தினால், இரண்டு வாரத்தில் வேறுபாடு தெரியும்.

எந்தச் சுரத்தில் தொடங்குவது? கர்நாடக இசையில் முதல் பாடம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை; புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. விரும்பி வந்து தனியே குருவிடம் உட்காரும் பிள்ளைக்கு அது நன்கு சோதிக்கப்பட்ட வழி. முப்பது பேர் உள்ள இரண்டாம் வகுப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றையொன்று ஒட்டி நெருங்கிய சுரங்கள் அதில் உண்டு. கூட்டமாகப் பாடும்போது அவை கலங்கிவிடும்.

அங்கேரியின் சோல்டான் கோடாய் (1882–1967) பள்ளிப் பிள்ளைகளுக்காக வளர்த்த முறையில், தாய்மொழி நாட்டுப்பாடல்தான் பாடநூல், சொந்தக் குரல்தான் கருவி. 1950இல் கெச்கெமெட் நகரில் அன்றாடம் பாட்டு வகுப்பு உள்ள தொடக்கப் பள்ளி அவர் தூண்டுதலால் உருவானது. அவருடைய முறை இரண்டே சுரங்களில் தொடங்கும்: மேலிருந்து கீழே இறங்கும் ஒரு கூவல், நம் கணக்கில் ப–க. பிறகு த, பிறகு ரி, ச என்று சேர்ந்து ஐந்து சுரம் ஆகும். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்கான கட்டைக் கருவியில் ம, நி இரண்டுக்கும் உரிய கட்டைகளைக் கழற்றி வைத்துவிடுவார். எந்தக் கட்டையைத் தட்டினாலும் உறுத்தாது. மிஞ்சும் அந்த ஐந்து சுரங்கள் எவை? ச, ரி, க, ப, த. நம் மோகனம். உலகில் எல்லாக் குழந்தைகளும் ப–க என்றுதான் கூவுகின்றன என்று சிலர் எழுதுவது மிகையாக இருக்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் 1000 முறை பாடப்போகும் பாட்டு அந்த ஐந்து சுரங்களில்தான் இருக்கிறது என்பதில் மிகை ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. காலையில் பாடும் பாட்டின் சுரங்களைப் பகலில் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொடுத்தால் போதும்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு, வகுப்பிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய வகையில்:

ஏரி மேலே நாரை
எட்டு நாரை பாரு

ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசை ப, அடுத்தது க. சொல்லுக்கு ஒரு தட்டு. நான்காவது தட்டில் வாய் மூடியிருக்கும், கை மட்டும் தட்டும். அடுத்த சுற்றில் எட்டு ஏழாகும், பிறகு ஆறாகும். எண் மாறும்போதும் தட்டு மாறக்கூடாது. மதுராந்தகம் ஏரியையும் வேடந்தாங்கலையும் பார்த்த பிள்ளைகள் நாரைக்குப் பதிலாக வேறு பறவைகளைச் சொல்வார்கள், சொல்லட்டும். ஈரசைச் சொல்லாக இருந்தால் கொக்கும் பொருந்தும், வாத்தும் பொருந்தும். நத்தைகுத்தி நாரை என்று ஒருவன் சொன்னால், அது ஏன் பொருந்தவில்லை என்று வகுப்பே பேசும்.

பாட வராத பிள்ளை

எல்லா வகுப்பிலும் ஒரே சுரத்தில் பேசுவது போலப் பாடும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆண்டு விழா ஒத்திகையில் அவர்களிடம் "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சொல்பவருக்கு அது ஒரு நாள் ஏற்பாடு. கேட்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை. நாற்பது வயதில் "எனக்குப் பாட வராதுங்க" என்று சொல்லும் ஆசிரியர்களிடம், எப்போதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆண்டு விழாவில் போய் நிற்கும்.

பிறவியிலேயே சுரபேதம் அறிய முடியாதவர்கள் நூற்றில் ஒரு சிலரே. மற்றவர்களுக்குக் காது கேட்கிறது. குரலை அந்த இடத்துக்குக் கொண்டுபோகும் வழி இன்னும் பழகவில்லை. அவர்களை நம் சுரத்துக்கு இழுக்காமல், அவர்கள் எந்தச் சுரத்தில் ஒலிக்கிறார்களோ அந்தச் சுரத்துக்கு நாம் போய்ச் சேர வேண்டும். தன் குரலும் ஆசிரியர் குரலும் ஒன்றாவது எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளை முதன்முதலாக அப்போதுதான் கேட்கும். அங்கிருந்து அரைப்படி, ஒரு படி என்று மெல்ல நகர்த்தலாம். சரியாகப் பாடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதும், நாலைந்து பேராகப் பாட வைப்பதும் உதவும். முப்பது பேர் இரைச்சலில் யாருக்கும் தன் குரல் கேட்பதில்லை.

2022இல் தொடங்கிய கலைத் திருவிழா நம் பிள்ளைகளுக்கு மேடை கொடுத்திருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாநில அளவில் பாடிப் பரிசு பெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் போட்டியின் இயல்பு தேர்ந்தெடுப்பது. வகுப்பின் இயல்பு அதுவல்ல. கணக்கு நன்றாகப் போடும் மூவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்கச் சொல்லும் ஆசிரியர் யாரும் இல்லை. பாட்டில் மட்டும் அது ஏன் இயல்பாகத் தோன்றுகிறது என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்த இரண்டு மூன்று பேரைக் கவனிக்க வேண்டும். எதிரொலி விளையாட்டில் எப்போதும் அரைநொடி பிந்தும் பிள்ளை, பாடும்போது நம் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, முதுகுப் பக்கமிருந்து தட்டினால் திரும்பாத பிள்ளை: இவர்களுக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். காதில் சீழ் வடியும் குழந்தைகள் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. பேச்சில் இது எளிதில் வெளிப்படாது, குழந்தை சூழலைப் பார்த்துச் சமாளித்துவிடும். பாட்டு வேளையில் வெளிப்பட்டுவிடும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். கேட்கும் திறன் குறைந்த பிள்ளையும் தாளத்தில் சேரலாம். மரப் பெஞ்சில் கையை வைத்துக்கொண்டால் தட்டுவது உடம்பில் தெரியும்.

ஊரில் இருக்கும் பாட்டு

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போகும் கடற்கரையில் வலை இழுக்க அம்பாப் பாட்டு இருந்தது. உள்நாட்டில் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் இருந்தன. ஏற்றப் பாட்டில் சால் எண்ணிக்கை பாட்டிலேயே வரும்; எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டுதான் கணக்கு வைக்கும். பெரும்பாலும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அமைப்பு. வாங்கிப் பாடுவதற்குக் கேட்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு வடிவம் இல்லை. மோட்டாரும் இயந்திர நடவும் வந்தபின் அந்தப் பாட்டுகள் வேலையிடத்திலிருந்து மறைந்துவருகின்றன. பாட்டிமார்களிடம் இன்னும் மிச்சமிருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தால் யாராவது ஓர் ஆயா வந்து பாடுவார். அவர் பாடும் சுருதியும் வேகமும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். முதல் நாள் கேட்கட்டும், மறுநாள் தங்களுக்கு ஏற்ற இடத்தில் பாடட்டும். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அந்த அளவுக்கு நம்மால் போக முடியாது. ஓர் ஆயாவை அழைக்க முடியும்.

பறையை வகுப்புக்குக் கொண்டுவருவதானால் ஒன்றை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். "உங்க வீட்டுலதான் அடிப்பாங்களே, நீ அடி" என்று ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துக் கையில் கொடுக்கக் கூடாது. பாராட்டாகச் சொன்னாலும், அந்தப் பிள்ளையின் காதில் அது பாராட்டாக விழாது. மற்றப் பிள்ளைகளின் காதிலும் விழாது. எல்லோரும் வரிசையாக வந்து அடிக்க வேண்டும், ஆசிரியரும் அடிக்க வேண்டும். அதன் பிறகு, நன்றாக அடிக்கும் பிள்ளை யாராக இருந்தாலும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும்.

நேரமும் பதிவும்

வாரத்துக்கு ஒரு முழுப் பாடவேளையைவிட, நாளுக்குப் பத்து நிமிடம் மேல். மதிய உணவுக்குப் பின் வரும் சோர்வான நேரம் இதற்கு ஏற்றது. இரண்டு நிமிடம் தாளம், மூன்று நிமிடம் எதிரொலி விளையாட்டு, மீதி நேரம் ஒரு பாட்டு. வாரத்துக்கு ஒரே பாட்டு போதும். பல வகுப்புகள் ஒன்றாக உட்காரும் பள்ளியில் இது தடையாக இருக்காது, வசதிதான்: சின்னவர்கள் துடிப்பைத் தட்டுவார்கள், நடுவில் இருப்பவர்கள் சொல்லைத் தட்டுவார்கள், ஐந்தாம் வகுப்பார் பாடுவார்கள். மூன்று அடுக்கு இசை கிடைத்துவிடும்.

மதிப்பெண் வேண்டாம். ஒரு பழைய நோட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே மாதம் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். "தட்டு நிற்கிறது, பாடினால் ஓடுகிறது." "ப–க பிடிக்கிறாள், தனியாகப் பாட வெட்கம்." "குறில் நெடில் கேட்கிறது, எழுத்தில் இன்னும் வரவில்லை." "இரண்டு முறை கூப்பிட்ட பின்தான் திரும்பினான். மருத்துவக் குழு அடுத்து வரும்போது காட்ட வேண்டும்."